டவர் இல்லண்ணே

முகாமுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவதில் சிரமமான வேலை, வீட்டில் கையெழுத்து வாங்குவதுதான். ஊர் பார்த்துவிடலாம், பஞ்சாயத்துத் தலைவரிடம் பேசிவிடலாம், அரிசி பருப்புக்கும் சமையல் பாத்திரத்துக்கும் ஏற்பாடு செய்துவிடலாம். ஐம்பது பெண்களின் வீடுகளில் "ஏழு நாள் ராத்தங்கல்" என்று சொல்லி ஒப்புதல் வாங்குவதற்குள் தொண்டை கட்டிவிடும்.

அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். சில ஆண்டுகள் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகவும் இருந்தேன். காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று தொடங்கிய திட்டம் அது. சேர்கிற மாணவி இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். அதோடு ஏழு நாள் சிறப்பு முகாமில் தங்க வேண்டும். குளக்கரையைச் சுத்தம் செய்வோம், வீடு வீடாகக் கணக்கெடுப்போம், கண் பரிசோதனை முகாம் நடத்துவோம். அறிக்கையில் எழுதுவது இவ்வளவுதான். எழுதாதது ஒன்று உண்டு. விசைத்தறி வீட்டுப் பிள்ளைகள், மிளகாய் எடுக்கப் போகிற அம்மாக்களின் பிள்ளைகள், விடிகாலை மில் வேன் ஏறுகிற அக்காமார்களின் தங்கைகள் என்று வருகிற இவர்களில் பலருக்கும், சொந்தக்காரர் வீடல்லாத ஓர் இடத்தில் கழித்த முதல் ஏழு இரவுகள் அவை.

2023 பிப்ரவரியில் திருச்சுழியைத் தாண்டி ஒரு கிராமத்துக்குப் போனோம். கண்மாய் பாதி வற்றியிருந்தது. கரை நெடுகச் சீமைக்கருவேலம். எங்கோ கரிமூட்டம் புகைகிற வாடை. களத்தில் மிளகாய்ப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. திருச்சுழி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ரமணர் பிறந்த ஊர். 1896இல், பதினாறு வயதில், மதுரையில் படித்துக்கொண்டிருந்த பையன், தன்னைத் தேடிச் செலவு செய்ய வேண்டாம் என்று ஒரு சீட்டு எழுதிவைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்கு ரயிலேறினார். பிறகு அம்மாவே போய் அழைத்தும் திரும்பவில்லை. அந்த ஊரைக் கடந்து போகும்போது, என் பையில் ஐம்பது ஒப்புதல் படிவங்கள் இருந்தன. ஏழு நாள் போய்வர, ஒவ்வொன்றிலும் இரண்டு கையெழுத்து. பாதிக்கு மேற்பட்டவற்றில் அப்பாவோ அண்ணனோ கைப்பட ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: தினமும் ராத்திரி போன் பேச வேண்டும். சிலர் இன்னும் தெளிவாக எழுதியிருந்தார்கள்: வீடியோ கால்.

நாங்கள் தங்கியது ஒரு பழைய சமுதாயக்கூடம். மேலே தகரக் கூரை. பின்பக்கச் சுவர் இடிந்துபோய், அதற்குப் பதில் அங்கேயும் தகரம் அடித்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் போனைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒரு கோடுகூட இல்லை. வாசலுக்கு வந்தால் ஒரு கோடு வரும், போகும். முதல் நாள் இரவு ஒன்பது மணிக்குள், வாசற்படியில் நின்ற என் போனுக்கு மட்டும் எப்படியோ பதினொரு அழைப்புகள். "பிள்ள போன் போகல, என்ன டீச்சர்?" இரண்டு பேர் மறுநாள் காலையிலேயே வந்து கூட்டிப்போவதாகச் சொன்னார்கள்.

நான் ஒரு கருவி கொண்டுபோயிருந்தேன். சிம் போட்டால் வைஃபை தரும் சின்னக் கருவி, உள்ளங்கைக்குள் அடங்கும். பிள்ளைகள் அதற்கு "டப்பா" என்று பெயர் வைத்தார்கள். அதை நடுக் கூடத்தில் நாற்காலி மேல் வைத்து எல்லோரையும் இணையச் சொன்னேன். வைஃபை கோடுகள் எல்லாப் போனிலும் நிறைந்து தெரிந்தன. ஆனால் திரையில் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

இயற்பியல் இரண்டாம் ஆண்டு படித்த ஒரு பெண்தான் அதை எனக்குப் புரியவைத்தாள். "மேம், இதுல ரெண்டு வழி இருக்கு. டவர்லருந்து டப்பாவுக்கு ஒண்ணு. டப்பாவுலருந்து நம்ம போனுக்கு ஒண்ணு. நம்ம போன்ல தெரியிற கோடு ரெண்டாவது வழியோடது. முதல் வழி அடைச்சுக் கிடக்கு." தகரம் அலையை உள்ளே விடாமல் திருப்பி அடித்துவிடும் என்றாள். டப்பா வெளியே போக வேண்டும், உயரே போக வேண்டும்.

இரவில் டவரின் சிவப்பு விளக்கு எந்தத் திசையில் தெரிகிறது என்று பார்த்து வைத்தாள். காலையில் தன் போனின் அமைப்புகளுக்குள் போய், சிம் நிலை என்ற இடத்தில் ஓர் எண்ணைக் காட்டினாள். மைனஸ் 112 டிபிஎம். கோடுகளை நம்பக்கூடாது, இந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும் என்றாள். பூஜ்யத்துக்கு எவ்வளவு அருகில் வருகிறதோ அவ்வளவு நல்லது. போனைக் கையில் ஏந்திக்கொண்டு கூடத்தைச் சுற்றி வந்தாள்; இன்னொருத்தி நோட்டில் குறித்தாள். பின்பக்கம் 112. திண்ணையில் 107. வாசல் வேப்பமரத்தடியில், டவர் பார்த்த பக்கம், 104.

கூரை மேலேயே டப்பாவை வைத்துவிடலாமே என்றேன். "டவர் நல்லாத் தெரியும் மேம். ஆனா கீழ இருக்கற நமக்கு அதே தகரம் மறைக்குமே." அதனால் வேப்பமரம் முடிவானது. மரம் ஜன்னலுக்கு எதிரே நின்றது. உயரத்தில் கட்டினால் முதல் வழி திறக்கும். ஜன்னல் வழியே இரண்டாவது வழி உள்ளே வரும். ஈர இலை அலையைக் குடித்துவிடும். நல்லவேளை, அது மாசி மாதம், மரம் இலை உதிர்த்து நின்றது.

முதலில் ஒருத்தி டப்பாவையும் பவர் பேங்கையும் பத்திரமாக எவர்சில்வர் தூக்குவாளியில் வைத்து மூடி, கயிற்றில் ஏற்றினாள். இருந்ததும் போயிற்று. தகரக் கொட்டகையிலிருந்து எடுத்து இன்னொரு தகரத்துக்குள் போட்டிருக்கிறோம் என்று புரிந்ததும், அத்தனை பேரும் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக் கோழிகள் கலைந்து ஓடின. பிறகு சர்க்கரை போட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பாவைக் காலி செய்தோம். இயற்பியல் பெண் சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு மரத்தில் ஏறி, உயர்ந்த கிளையில் கயிற்றைக் கோத்துவிட்டு வந்தாள்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "பொட்டப்பிள்ள மரத்துல ஏறுதே, வாத்தியாரம்மா பாத்துக்கிட்டு நிக்கிறாக" என்றார். பக்கத்தில் புளி உடைத்துக்கொண்டிருந்த பாட்டி தலையைத் தூக்காமலே சொன்னார்: "ஆட்டுக்குக் கொழை ஒடிக்க நாங்க ஏறாத மரமாய்யா? அன்னைக்கு ஒருத்தரும் கேக்கல."

கிளையில் டப்பா ஏறியதும் எண் 96க்கு வந்தது. 112இலிருந்து 96, பதினாறுதானே என்றேன். அந்த அளவுகோலில் மூன்று கூடினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு, பத்துக் கூடினால் பத்து மடங்கு. பதினாறு என்றால் கிட்டத்தட்ட நாற்பது மடங்கு என்று விளக்கினாள். டப்பாவில் இரண்டு அலைவரிசை இருந்தன. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டித் தூரம் போகாது, அதனால் 2.4க்கு மாற்றினாள். கூடத்துக்குள் சில மூலைகளில் மட்டும் விட்டுவிட்டு வந்தது. தகரத்தில் பட்டுத் திரும்பும் அலையும் நேரே வரும் அலையும் மோதிக்கொள்கிற இடங்கள் அவை, அரைச் சாண் நகர்ந்து உட்கார்ந்தால் போதும் என்றாள். அப்படியே ஆயிற்று. ஒரே நேரத்தில் பத்துப் போன்தான் அது தாங்கும் என்பதால் ஐந்து குழுவாகப் பிரித்தோம். பகல் வெயிலில் பேட்டரி சூடாகும் என்று காலையில் டப்பாவை இறக்கி, சாயங்காலம் ஏற்றினோம்.

அந்தக் கயிற்றைப் பிடித்து அவள் ஏற்றுவதைப் பார்த்தபோது எனக்கு எங்கள் வீட்டு மச்சு நினைவுக்கு வந்தது. எண்பதுகளின் கடைசி. அலுமினியக் குழாய் ஆன்டெனாவைத் திருப்புகிற வேலை அண்ணனுடையது. கொடைக்கானலுக்கு வடமேற்கே, காற்று வாக்கான இரவுகளில் ரூபவாஹினிக்குத் தென்கிழக்கே. நான் முற்றத்தில் நின்று உள்ளே டிவியையும் மேலே அண்ணனையும் மாறி மாறிப் பார்த்துக் கத்துவேன்: "தெரியுது... தெரியல... போச்சு... ம், வந்துருச்சு." கம்பியைத் தொட்டுத் திருப்ப எனக்கு ஒரு நாளும் வாய்க்கவில்லை. என்ன பார்ப்பது என்பதையும் மேலிருந்து இறங்கி வந்தவன்தான் முடிவு செய்தான். இங்கே ஒரு பெண்ணே மரமேறி, கருவியைக் கட்டி, எண்ணைக் குறித்து, அலைவரிசையை மாற்றியிருக்கிறாள் என்பதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை ஒரு நாள்தான் இருந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலத்திலிருந்து போன்கள் ஓயவில்லை. அம்மாக்களின் அழைப்புகள் சுருக்கமாக முடிந்தன: சாப்பிட்டியா, தலைக்கு எண்ணெய் வச்சியா, பாயி கீயி இருக்கா. மற்ற அழைப்புகள் அப்படி முடியவில்லை. "பக்கத்துல யாரு? கேமராவத் திருப்பு." திருப்புவாள். அவள் திருப்புகிற வட்டத்துக்குள் உடை மாற்றிக்கொண்டிருந்தவள், தலை துவட்டிக்கொண்டிருந்தவள், கால் நீட்டிப் படுத்திருந்தவள் எல்லோரும் வாரிச் சுருட்டிக்கொண்டு ஒதுங்க வேண்டும். ஒருவனின் தங்கையைப் பார்ப்பதற்காக ஐம்பது பேரும் துப்பட்டாவைத் தேடினார்கள். ஒன்பதரைக்கு ஒருமுறை, பத்தரைக்கு ஒருமுறை. "ஆன்லைன்ல காட்டுதே, யார்ட்டப் பேசுற?" சிலர் அண்ணனின் போனையே ஏழு நாளைக்கு இரவல் வாங்கி வந்திருந்தார்கள், அதில் வருகிற ஒவ்வொரு செய்திக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

சங்க அகப்பாடல்களை நடத்தும்போது இற்செறிப்பு பற்றிச் சொல்வேன். ஊர் அலர் தூற்றத் தொடங்கியதும் தலைவியை வீட்டுக்குள் நிறுத்திவிடுவார்கள். வாசலைத் தாண்ட முடியாது. அது பழங்காலத்து வழக்கம் என்கிற தொனியில்தான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். வீட்டிலிருந்து வெகுதூரம் தள்ளி வந்து படுத்திருக்கிற பெண்ணையும் இற்செறிக்கலாம், அதற்கு நல்ல சிக்னல் இருந்தால் போதும் என்பதை அந்தக் கூடத்தில்தான் கண்டேன். அந்த சிக்னலை நாற்பது மடங்காக்கிக் கொடுத்தவள் நான்.

மூன்றாம் நாள், அண்ணன் அழைப்புகளால் மிகவும் அலைக்கழிந்த ஒரு பெண் என்னிடம் வந்தாள். "மேம், அந்த டப்பாவ ராத்திரி கொஞ்ச நேரம் அணைச்சு வைக்கலாமா?" எவ்வளவு நேரம் என்றேன். யோசித்துவிட்டு, "ஒன்றரை மணி நேரம்" என்றாள். அவ்வளவு துல்லியமாகக் கேட்பதற்கு எத்தனை நாள் கணக்குப் போட்டிருப்பாள் என்று தோன்றியது.

ஆறரையிலிருந்து ஏழரைக்குள் எல்லோரும் முறைபோட்டு வீட்டுக்குப் பேசிவிடுவது, ஏழரையிலிருந்து ஒன்பது வரை டப்பாவை அணைப்பது என்று முடிவு செய்தோம். அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றி விரிவாக எழுத ஒன்றுமில்லை. கும்மி அடித்தார்கள். ஊர்ப் பெண்கள் நான்கைந்து பேர் வேலை முடித்து வந்து அடி மாற்றிக் காட்டினார்கள். ஒருத்தி சும்மா கால் நீட்டி உட்கார்ந்து தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிராத ஒரு முகத்தை அன்று நிறையப் பேரிடம் பார்த்தேன்.

நான்காம் நாள் ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் ஒரு டிவிஎஸ் ஃபிப்டி வந்து நின்றது. இயற்பியல் பெண்ணின் அப்பா. விசைத்தறித் தொழிலாளி, அன்று ஷிப்டு மாறியதால் எட்டு மணிக்கு மேல்தான் மகளுக்குப் போன் செய்ய முடிந்திருக்கிறது. போகவில்லை. எனக்கும் செய்திருக்கிறார். என் போனும் கூடத்துக்குள்தான் கிடந்தது. ஐம்பது பேரின் போன்களை அணைக்க முடிவு செய்தவள், தன் ஒரு போனையாவது திண்ணையில் வைத்திருக்க வேண்டும் என்று யோசிக்கவில்லை. இருபத்தைந்து கிலோமீட்டர், விளக்கில்லாத சாலையில், பயந்துகொண்டே வந்திருக்கிறார். அவர் கோபமாக இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"என்ன டீச்சர், ரெண்டு பேருக்குமே போன் போகல?"

வாசலில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். மரத்தில் டப்பா தொங்குகிறது. அதைக் கட்டியவள் என் பக்கத்தில் நிற்கிறாள். என்ன சொல்கிறேன் என்று எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்.

"டவர் இல்லண்ணே" என்றேன்.

அவர் தலையாட்டினார். தண்ணீர் குடித்தார். கும்மியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "டவர் இல்லாத ஊருல பிள்ளய எப்படி விட்டுட்டுப் போறது" என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். மகள் பையைக் கட்டிக்கொண்டு அவர் பின்னால் ஏறிப் போனாள். கிளம்பும்போது மரத்தை ஒருமுறை பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

அவரிடம் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கலாம். வராமலும் போயிருக்கலாம். "அணைச்சு வச்சோம்ணே, பிள்ளைக கொஞ்ச நேரம் நிம்மதியா இருக்கட்டும்னு, என் போன வெளிய வைக்காதது என் தப்பு" என்று சொல்லியிருந்தால் அவருக்குப் பதில் பேச ஒரு விஷயம் இருந்திருக்கும். டவர் இல்லை என்பதற்கு யாரால் என்ன பதில் சொல்ல முடியும்? அந்தப் பொய்யை நான் யோசித்துச் சொல்லவில்லை, அது நாக்கிலேயே இருந்தது. போன் சைலண்ட்ல கிடந்துச்சு, சார்ஜ் இல்ல, பஸ்ஸுல கூட்டம், டவர் கிடைக்கல. கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லி வந்த காரணங்கள். தோழிகளைக் கேட்டால் ஆளுக்கொன்று வைத்திருப்பார்கள். கைக்கு எட்டாமல் இருக்க எனக்கு விருப்பம் என்று சொல்ல முடியாத இடத்திலெல்லாம் கருவியின் மேல் பழி போட்டிருக்கிறோம்.

போன் இல்லாத கொடுமையை அறியாமல் இதை எழுதவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குள், இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியிருந்த பெண்கள் நாட்டளவில் 33 விழுக்காடு, ஆண்கள் 57. கொரோனாக் காலத்தில் என் மாணவிகள் கண்மாய்க் கரையில் சிக்னல் தேடி நின்றார்கள். அங்கே ஆண்கள் சீட்டாடுவதால் நிற்கக்கூடாது என்று வீட்டில் சொன்னதும் வகுப்பை விட்டவர்கள் உண்டு. 2021 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி டேட்டா இலவசமாகத் தரப்போவதாக அரசு அறிவித்தபோது மகிழ்ந்தோம். ஆனாலும் டேட்டா கையில் இருந்து, அலை வருகிற இடத்தில் நிற்க அனுமதி இல்லாவிட்டால் அந்த 2 ஜிபி அவள் அண்ணனுக்குத்தான்.

அதற்கு முன்பே, 2019 செப்டம்பரில், கேரள உயர்நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தது. கோழிக்கோடு பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் மாலை 6 முதல் இரவு 10 வரை போன் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. ஏற்க மறுத்த ஃபஹீமா ஷிரின் என்ற மாணவி விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று சொல்லி, அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பை வகுப்பில் கொண்டாடியவள் நான். நாலே ஆண்டில் நானும் சாயங்காலப் போனை அணைத்தேன். இரண்டும் ஒன்றா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அங்கே அணைக்கச் சொன்னது விடுதி. இங்கே கேட்டது அந்தப் பெண். அந்த வித்தியாசம் பெரியதுதான். ஆனால் அப்பாவின் முன்னால் நின்றபோது அந்த வித்தியாசத்தை நான்தான் மறைத்தேன். பெண்கள் கேட்டு வாங்கிய ஒன்றரை மணி நேரத்தை, தற்செயலாக வந்த கோளாறாக மாற்றிவிட்டேன்.

அடுத்த வாரம் அந்தப் பெண் வகுப்புக்கு வந்தாள். மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேம்" என்றாள். கொஞ்சம் நின்றுவிட்டு, "நாற்பது மடங்கு ஏத்திக் குடுத்தேன், இல்லன்னு சொல்லிட்டீங்களே" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

2024 முகாமுக்கான படிவத்தை அவளையும் வைத்துக்கொண்டு எழுதினேன். அவள் அப்போது கடைசி ஆண்டு. புதிதாக இரண்டு வரி சேர்த்தோம். இரவு 7.30 முதல் 9 வரை மாணவிகளின் போன்கள் அணைக்கப்பட்டிருக்கும். இது மாணவிகளின் முடிவு. அவசரத்துக்கு ஆசிரியரின் எண் எந்நேரமும் திறந்திருக்கும். நான் முதலில் "சிக்னல் வசதி குறைவு என்பதால்" என்று தொடங்கியிருந்தேன். அவள் பேனாவை வாங்கி அந்தச் சொற்களை அடித்துவிட்டாள்.

மூன்று வீடுகளில் கையெழுத்துப் போடவில்லை. அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இன்றும் வருத்தம்தான். மற்ற நாற்பத்தேழு பேரோடு போனோம். என் போன் ஏழு நாளும் திண்ணையில் இருந்தது.